வானேறும் காகிதக் குழல்: அடுக்கு ராக்கெட்டும் கொங்கு நாட்டுக் கைத்திறனும்

கோவையிலும் அதைச் சூழ்ந்த கொங்கு வட்டாரத்திலும் அன்றாடம் புழங்கும் பொருள்களையும் தலைமுறைகளாக வளர்ந்த கைத்திறனையும் கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குகள் உடைய மாதிரி ராக்கெட் ஒன்றின் உடலை முழுமையாக உருவாக்கிவிட முடியும். அதை உந்திச் செல்லும் மோட்டாரை மட்டும் எந்த வீட்டிலும் எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடாது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே புரிந்துகொண்டால்தான், உலகின் பல நாடுகளில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியலைக் கற்றுத்தரும் ஒரு கலை இங்கு வேரூன்றும். நூற்பாலைகளும் பம்ப் தொழிலும் வார்ப்பாலைகளும் பொறியியல் கல்லூரிகளும் நிறைந்த இம்மண்ணில், கைக்கும் கணக்குக்கும் ஒருங்கே வேலை வைக்கும் அடுக்கு ராக்கெட்டைப் போன்ற பாடக்கருவி வேறொன்று அரிது.

ஏன் அடுக்கு வேண்டும்?

ராக்கெட் தன் எடையில் ஒரு பகுதியைச் சூடான வாயுவாகப் பின்னோக்கி வீசி எறிவதால் முன்னேறுகிறது. அது அடையும் வேகத்தை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: வாயு வெளியேறும் வேகம் ஒன்று; புறப்படும்போது இருந்த எடைக்கும் எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சும் எடைக்கும் உள்ள விகிதம் மற்றொன்று. ரஷ்யப் பள்ளி ஆசிரியரான கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட இந்தச் சமன்பாட்டில் ஒரு கசப்பான செய்தி அடங்கியிருக்கிறது. எடை விகிதம் பெருக்கல் வரிசையில் ஏறினால்தான் வேகம் கூட்டல் வரிசையில் ஏறும். வாயு வினாடிக்கு 2.6 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும் திட எரிபொருளைக் கொண்டு, புவியைச் சுற்றிவரத் தேவையான வினாடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தை ஒரே அடுக்கில் எட்ட வேண்டுமானால், காற்றுத் தடையையும் புவியீர்ப்பையும் கணக்கில் சேர்க்காமலேயே, புறப்படும் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு எரிபொருளாக இருக்க வேண்டும். கூடு, கருவிகள், செயற்கைக்கோள் ஆகிய அனைத்தும் மீதி 5 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. எரிபொருள் தீர்ந்து வெற்றுக் கூடாகிவிட்ட பகுதியை வழியிலேயே கழற்றிவிட்டு, எஞ்சிய இலேசான பகுதி மட்டும் பயணத்தைத் தொடர்வதே இதற்கான தீர்வு. அவ்வாறு கழன்றுபோகும் ஒவ்வொரு பகுதியும் ஓர் அடுக்கு எனப்படுகிறது.

கையடக்கமான மாதிரி ராக்கெட்டிலும் இதே கணக்கைச் சரிபார்க்கலாம். மேலடுக்கு 60 கிராம், கீழடுக்கு 50 கிராம், மொத்தம் 110 கிராம் உள்ள ஒரு ராக்கெட்டில், ஒவ்வோர் அடுக்கிலும் 12 கிராம் எரிபொருள் இருந்து 10 நியூட்டன்-வினாடி கணத்தாக்கைத் தருவதாகக் கொள்வோம். கணத்தாக்கு என்பது உந்துவிசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கி வரும் அளவு. முதல் அடுக்கு எரிந்து முடிகையில் ராக்கெட் வினாடிக்கு ஏறத்தாழ 96 மீட்டர் வேகத்தைப் பெறும். வெற்றுக் கூட்டைக் கழற்றாமலேயே இரண்டாவது மோட்டாரை எரித்தால் மேலும் 109 மீட்டரும், கழற்றிவிட்டு எரித்தால் மேலும் 186 மீட்டரும் கூடும். காற்றும் புவியீர்ப்பும் இல்லாததாகக் கொண்ட கணக்கு இது என்றாலும், 205-க்கும் 282-க்கும் உள்ள இடைவெளி, 38 கிராம் வெற்றுக் காகிதக் கூட்டைக் கைவிட்டதால் மட்டுமே விளைந்தது என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவரும் தாளில் எழுதிக் கண்டுகொள்ளலாம்.

நீண்ட வரலாறு

அடுக்கு ராக்கெட் பற்றிய எண்ணம் விண்வெளி யுகத்துக்கு நானூறு ஆண்டுகள் முந்தையது. இன்றைய ருமேனியாவின் சிபியு நகரில் பணியாற்றிய கான்ராட் ஹாஸ் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய கையெழுத்துப் பிரதியில் பல அடுக்கு ராக்கெட்டுகளின் வரைபடங்கள் உள்ளன. அதே நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய வாணவேடிக்கைக் கலைஞர் யோகான் ஷ்மிட்லாப்பும் இத்தகைய வாணங்களைப் பதிவு செய்தார். பதினெட்டாம் நூற்றாண்டில், கொங்கு நாடும் அடங்கியிருந்த மைசூர் ஆட்சியில், ராக்கெட்டின் மருந்தை மூங்கிலிலோ காகிதத்திலோ அடைக்காமல் இரும்புக் குழாயில் அடைத்தனர். இரும்பு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியதால் உந்துவிசையும் வீச்சும் பெருகின. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை தோற்ற போரில் இந்த ராக்கெட்டுகளுக்கும் பங்குண்டு. 1799-இல் மைசூர் மன்னர் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வில்லியம் காங்கிரீவ் உருவாக்கிய ராக்கெட்டுகளுக்கு முன்மாதிரியாயின.

இந்தியாவின் விண்வெளி வரலாறும் அடுக்கு ராக்கெட்டில்தான் தொடங்குகிறது. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து மேலேறிய நைக்கி-அப்பாச்சி இரண்டடுக்கு ராக்கெட். அடுக்குகள் கற்பித்த கடுமையான பாடம் 1979 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் நான்கு திட எரிபொருள் அடுக்குகளும் கொண்ட எஸ்.எல்.வி.-3 அன்று முதன்முறையாகப் புறப்பட்டது. முதல் அடுக்கு பிழையின்றி எரிந்து விலகியது. இரண்டாம் அடுக்கின் திசைக் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் முன்னரே கசிந்துபோயிருந்ததால், அந்த அடுக்கு நிலைகுலைந்து, 317 வினாடிகளில் பயணம் முடிந்து, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாமின் குழு காரணத்தைக் கண்டறிந்து சீர்செய்த பின், 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. மேலடுக்கின் குறை தரையிலேயே பிறந்துவிடுகிறது, வானத்தில் வெளிப்படுகிறது என்ற இந்தப் பாடம், ஒரு முழ நீளக் காகித ராக்கெட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

மோட்டார் ஏன் வீட்டில் கூடாது?

1957-இல் ஸ்புட்னிக் விண்ணேறியபின் அமெரிக்காவில் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் உலோகக் குழாய்களில் வேதிப்பொருள்களை அடைத்து ராக்கெட் செய்யத் தொடங்கினர். பலர் விரல்களையும் கண்களையும் இழந்தனர், சிலர் உயிரையே இழந்தனர். நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் அதற்கு முன்பே காகிதக் குழலில் தனி மோட்டாரைப் பொருத்தும் முறையை உருவாக்கியிருந்தார். ஏவுகணைத் தளத்தில் பாதுகாப்புப் பணியில் இருந்த ஹாரி ஸ்டைன் அதன் அருமையை உணர்ந்து மாதிரி ராக்கெட் இயக்கமாக வளர்த்தார். வெர்னான் எஸ்ட்ஸ் 1958-இல் மோட்டார்களைத் தானியங்கி எந்திரத்தில் ஒரே சீராகத் தயாரிக்கும் வழியைக் கண்டார். எரிபொருளைக் கலப்பதும் அழுத்துவதும் உரிமம் பெற்ற ஆலையின் வேலை, வடிவமைப்பும் கட்டுமானமும் கணக்கீடும் மாணவரின் வேலை என்ற பிரிவினையால்தான் இக்கலை பாதுகாப்பான கல்வியாயிற்று.

ஆலைத் தயாரிப்பு மோட்டாரின் மேல் அச்சிடப்படும் குறியீடே ஒரு பாடம். ‘சி6-7’ என்பதில் ‘சி’ என்ற எழுத்து மொத்தக் கணத்தாக்கு 5-க்கும் 10 நியூட்டன்-வினாடிக்கும் இடையில் உள்ளதைக் குறிக்கிறது. ஆங்கில அகரவரிசையில் ஒவ்வோர் எழுத்துக்கும் இந்த மேல்வரம்பு இரட்டிப்பாகிறது. ‘6’ என்பது சராசரி உந்துவிசை 6 நியூட்டன் என்பதையும், ‘7’ என்பது எரிபொருள் தீர்ந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும் சிறுமருந்து பற்ற 7 வினாடி ஆகும் என்பதையும் சொல்கின்றன. ‘சி6-0’ எனச் சுழியில் முடியும் மோட்டாரில் அந்தத் தாமதமும் இல்லை, தள்ளும் மருந்தும் இல்லை. அது கீழடுக்குக்கென்றே செய்யப்பட்டது.

நிலைத்தன்மையின் கணக்கு

ராக்கெட் நேராகப் பறக்குமா, தலைகுப்புறச் சுழலுமா என்பதை இரண்டு புள்ளிகள் தீர்மானிக்கின்றன. ராக்கெட்டின் எடை முழுவதும் சமன்படும் புள்ளி ஈர்ப்பு மையம். அதன்மேல் மோதும் காற்றின் விசை முழுவதும் சமன்படும் புள்ளி அழுத்த மையம். ஈர்ப்பு மையம் மூக்குப் பக்கமாகவும், அழுத்த மையம் அதற்குப் பின்னால் குறைந்தது குழலின் ஒரு விட்டத் தொலைவிலும் அமைந்தால், ராக்கெட் சற்றே சாய்ந்தாலும் வாலில் உள்ள துடுப்புகளின் மேல் மோதும் காற்று அதை மீண்டும் நேராக்கும். அழுத்த மையத்தை எளிய வடிவியலால் கணக்கிடும் வழியை நாசா பொறியாளர் ஜேம்ஸ் பேரோமன் 1960-களில் வகுத்துத் தந்தார். அதே கணக்கை இன்று இலவச மென்பொருள்கள் நொடியில் செய்கின்றன.

இரண்டடுக்கு ராக்கெட்டில் இச்சோதனையை இருமுறை செய்ய வேண்டும் என்பதையே புதியவர்கள் மறக்கிறார்கள். கீழடுக்கைச் சேர்த்ததும் வால்பகுதியில் ஒரு மோட்டாரின் எடை கூடுவதால் ஈர்ப்பு மையம் பின்னோக்கி நகர்ந்துவிடும்; அதை ஈடுகட்ட அழுத்த மையத்தையும் பின்னுக்கு இழுக்க வேண்டியிருப்பதால், கீழடுக்கின் துடுப்புகள் மேலடுக்கின் துடுப்புகளைவிடப் பெரியவையாக அமைகின்றன. முழு ராக்கெட்டும் நிலையாக இருக்க வேண்டும், கீழடுக்கு கழன்றபின் மேலடுக்கு தனியாகவும் நிலையாக இருக்க வேண்டும். மோட்டார்களைப் பொருத்திய ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டி, திறந்தவெளியில் தலைக்கு மேலாகச் சுழற்றிப் பார்ப்பது பழைய, ஆனால் நம்பகமான சோதனை. மூக்கு முன்னோக்கியே சுற்றிவந்தால் வடிவமைப்பு நிலையானது. வால் முந்திக்கொண்டால் மூக்கில் எடையைக் கூட்டவோ துடுப்பைப் பெரிதாக்கவோ வேண்டும்.

கொங்கு நாட்டுப் பட்டறையில் ராக்கெட்

மாதிரி ராக்கெட்டின் உடல், மூக்கு, துடுப்பு ஆகியவற்றில் உலோகம் கூடாது என்பது உலகெங்கும் உள்ள பாதுகாப்பு நெறி. தவறி விழுந்தாலும் நொறுங்கும் இலேசான பொருள்களே ஏற்றவை. அந்த நெறிக்கு வேண்டியவை அனைத்தும் கொங்கு நாட்டில் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. ராக்கெட்டின் உடற்குழல், கிராஃப்ட் காகிதப் பட்டைகளைப் பசை தடவி ஓர் உருளைத் தண்டின் மேல் சாய்வாகச் சுற்றிக் காயவைத்து எடுக்கப்படுவது. நூற்பாலைகளில் நூல் சுற்றுவதற்கான பேப்பர் டியூப்களும் இதே முறையில்தான் உருவாகின்றன. கோவை, உடுமலை வட்டாரத்தில் பேப்பர் கோன், டியூப் தயாரிக்கும் ஆலைகளின் தொழிலாளர்களுக்கு, சுவர் எத்தனை சுற்று கனமாக இருந்தால் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது அனுபவத்தில் தெரிந்த செய்தி. மூக்குக் கூம்பை இலேசான மரத்தில் கடைந்தெடுக்க லேத் பட்டறைகள் உண்டு. துடுப்புகளை மெல்லிய ப்ளைவுட்டிலிருந்து லேசரில் வெட்டித் தருபவர்களும் உண்டு. பாராசூட் விரியும்போது ஏற்படும் வெட்டிழுப்பைத் தாங்க, மூக்கையும் உடலையும் இணைக்கும் மீள்நாடா தேவை; அதற்குத் திருப்பூரில் உள்ளாடைகளுக்கென நெய்யப்படும் எலாஸ்டிக்கே போதுமானது.

துடுப்பு ஒட்டும் வேலையில்தான் கைத்திறன் வெளிப்படுகிறது. குழலின் மேல் நெடுக்குக் கோடுகளைச் சம இடைவெளியில் வரைய, அலுமினிய ஆங்கிள் ஒன்றைக் குழலோடு படியவைத்துப் பென்சிலால் கோடிழுப்பார்கள். பசை தடவிய துடுப்பை அந்தக் கோட்டில் நிறுத்தி, காய்ந்தபின் இரு பக்க இடுக்குகளிலும் மீண்டும் பசையிட்டு விரலால் வழித்துவிட்டால் பிடிப்பும் வலுக்கும், காற்றும் வழுக்கிச் செல்லும். ஒரு துடுப்பு இரண்டு பாகை சாய்ந்தாலும் ராக்கெட் தன் அச்சில் சுழன்று, உயரத்தை இழக்கும்.

ஒரு கணத்தின் கதை

இரண்டடுக்கு ராக்கெட்டின் உயிர்நாடி, அடுக்குகள் பிரியும் கணம். கீழ் மோட்டாரின் மேல்முனையும் மேல் மோட்டாரில் வாயு வெளியேறும் கூம்புவாயும் ஒன்றையொன்று தொடுமாறு வைத்து, இணைப்பின் மேல் ஒரே ஒரு சுற்று செலோடேப் ஒட்டப்படுகிறது. கீழ் மோட்டாரில் எரிபொருள் அடியிலிருந்து மேல்நோக்கி எரிந்துகொண்டே வந்து, ஏறத்தாழ இரண்டு வினாடிகளில் ஒரு மெல்லிய வில்லையாகத் தேய்ந்து, உள்ளிருக்கும் அழுத்தத்தால் உடைகிறது; அதன் கனல் துகள்கள் மேல் மோட்டாரின் வாய்க்குள் பாய்ந்து அதைப் பற்றவைக்கின்றன. மேல் மோட்டார் பற்றியதும் எழும் வாயுவின் அழுத்தம் டேப்பைப் பிளந்து கீழடுக்கைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அக்கூடு இலேசானதாகவும் நிலையற்றதாகவும் வடிவமைக்கப்பட்டிருப்பதால், பாராசூட் இல்லாமலேயே புரண்டு புரண்டு மெதுவாகத் தரையிறங்குகிறது. டேப் இல்லாவிட்டால், கனல் துகள்கள் மேல் மோட்டாரை எட்டும் முன்பே கீழ் மோட்டாரின் அழுத்தம் அடுக்குகளைப் பிரித்துவிடும். டேப் மிகுந்தால் பிரிவு தாமதமாகி மேலடுக்கு கருகிவிடும். மோட்டார்களுக்கு இடையே இடைவெளி விட்டுக் கட்டும் வடிவங்களில், சிக்கிக்கொள்ளும் காற்று வெளியேறக் குழலின் பக்கத்தில் துளைகள் இட வேண்டும்.

இது கருமருந்து மோட்டார்களுக்கான முறை. கூட்டு எரிபொருள் மோட்டார்களில் இவ்வாறு கனலால் பற்றவைக்க முடியாது. அங்கே முடுக்கத்தையும் காற்றழுத்தத்தையும் அளக்கும் சிறு மின்சுற்று ஒன்று, கீழடுக்கு ஓய்ந்ததை உணர்ந்து மேல் மோட்டாரை மின்சாரத்தால் பற்றவைக்கிறது. ராக்கெட் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சாய்ந்திருந்தால் மேலடுக்கைப் பற்றவைக்காமலேயே விட்டுவிடும் பூட்டும் அதில் சேர்க்கப்படுகிறது.

ஆடிக்காற்றும் ஏவுகளமும்

சாய்வைப் பற்றிய இந்த எச்சரிக்கைக்குக் கொங்கு நாட்டில் தனிப்பொருள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, பல்லடம், உடுமலை, தாராபுரம் பகுதிகளின் காற்றாலைகளைச் சுழலவைக்கும் அளவுக்கு வலுவானது. ஆடிக்காற்றில் அம்மியும் நகரும் என்ற பழமொழி இங்கு வெறும் பேச்சன்று. நிலையான ராக்கெட் இயல்பாகவே காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும். ஓரடுக்கு ராக்கெட்டில் இதனால் உயரம் குறையும், அவ்வளவே. இரண்டடுக்கில் சாய்ந்த நிலையிலேயே இரண்டாம் மோட்டார் பற்றிக்கொள்வதால், ராக்கெட் உயரே போவதற்குப் பதிலாகக் கிடையாகப் பாய்ந்து ஊருக்குள் விழக்கூடும். காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் எந்த மாதிரி ராக்கெட்டையும் ஏவக்கூடாது என்பது பொதுநெறி. இரண்டடுக்குக்கு அதில் பாதியே அதிகம். ஆகவே ஆனி முதல் ஆவணி வரையிலான மாதங்களைத் தவிர்த்து, காற்றடங்கிய விடியற்காலைகளைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

களத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. காய்ந்த சோளத்தட்டை நிறைந்த காட்டில் ஒரு பொறி போதும். ஏவுதண்டைச் சுற்றிப் புல்பூண்டை அகற்றி, தண்ணீரும் மணலும் அருகில் வைத்திருக்க வேண்டும். உயர் அழுத்த மின்கம்பிகளும் தென்னந்தோப்புகளும் அருகில் இருக்கக்கூடாது. கம்பியில் சிக்கிய ராக்கெட்டை எடுக்க முயல்வது உயிரைப் பணயம் வைப்பது. பீளமேட்டில் பயணிகள் விமான நிலையமும், சூலூரில் விமானப்படைத் தளமும் இருப்பதால், கோவையைச் சுற்றிய வான்வெளியில் உரிய அதிகாரிகளின் அனுமதியின்றி எதையும் ஏவலாகாது.

திறமை உண்டு, களம் எங்கே?

இம்மண்ணின் பிள்ளைகள் விண்வெளிக்குப் புதியவர்கள் அல்லர். பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்ற மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக வழிநடத்திய சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று நான்கடுக்கு பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் புறப்பட்டது. சந்திரயான் தரையிறங்கு கலங்களின் சோதனைக்கு வேண்டிய செயற்கை நிலவு மண், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி வட்டாரப் பாறைகளிலிருந்து உருவானது. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் குழுவினரின் 64 கிராம் கலாம்சாட், 2017 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து இரண்டடுக்கு ஆய்வு ராக்கெட்டில் பறந்தது. கோவை ஸ்ரீ சக்தி கல்லூரி மாணவர்களின் ஸ்ரீசக்திசாட் 2021 பிப்ரவரி 28 அன்று பி.எஸ்.எல்.வி.-சி51 ராக்கெட்டில் சென்றது. ஏற்றிச்செல்லப்படும் பொருளைச் செய்வதில் தேர்ந்துவிட்ட இளைஞர்களுக்கு, ஏற்றிச்செல்லும் ராக்கெட்டைச் செய்து பழகும் வாய்ப்பு மட்டும் உள்ளூரில் அரிது.

அதற்குக் காரணம் ஆர்வக் குறைவன்று. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் விதிகளும், உரிமமின்றி வெடிமருந்து தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் தடை செய்கின்றன. அந்தத் தடை நியாயமானது, தளர்த்தப்பட வேண்டியதன்று. தேவைப்படுவது, சட்டத்துக்கு உட்பட்ட வழி. விண்வெளித் துறையில் தனியாருக்கு அனுமதி வழங்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பு, இஸ்ரோவுடன் சேர்ந்து மாணவர்களுக்கென மாதிரி ராக்கெட் போட்டியை ஏற்படுத்தி, 2025 அக்டோபரில் உத்தரப்பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் கல்லூரி அணிகளின் ராக்கெட்டுகளை முறையான பாதுகாப்புடன் ஏவச்செய்தது. வடகோடியில் சாத்தியமானது கொங்கு நாட்டிலும் சாத்தியமே.

கோவையின் பொறியியல் கல்லூரிகளும் தொழில் அமைப்புகளும் மாவட்ட நிர்வாகமும் ஒன்றுகூடி, விமானப் பாதைகளுக்கு விலகிய வறண்ட மேய்ச்சல் நிலம் ஒன்றைத் தேர்ந்து, ஆண்டுக்குச் சில நாள்களேனும் அனுமதி பெற்ற ஏவுகளமாக்க வேண்டும். பட்டாசுத் தொழிலில் தழைத்த தமிழ்நாட்டில், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமத்தோடு தரச்சான்று பெற்ற மாதிரி ராக்கெட் மோட்டார்களைத் தயாரிக்கத் தொழில்முனைவோர் முன்வர வேண்டும். அதுவரை மாணவர்கள் குழலைச் சுற்றட்டும், துடுப்பை ஒட்டட்டும், ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடட்டும், நூலில் கட்டிச் சுழற்றிப் பார்க்கட்டும், அழுத்தக் காற்றாலும் நீராலும் இயங்கும் ராக்கெட்டுகளில் அடுக்குப் பிரிவைப் பழகட்டும். மருந்தை இடிப்பதும் கலப்பதும் மட்டும் எந்த வீட்டிலும் நடக்காமல் பெற்றோரும் ஆசிரியரும் பார்த்துக்கொள்ள வேண்டும். ராக்கெட் செய்யக் கற்கும் பிள்ளைக்கு இரண்டு கைகளும் இரண்டு கண்களும் கடைசி வரை தேவை.